மருந்து நரம்பைச் சென்றடைந்ததா? டர்பன் வட்டார விலங்குநல மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறக்குழுப் பெரியோர்களே, அங்கே அறுவை மேசையில் நிற்கும் மருத்துவ நண்பர்களே,

வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நம் மக்கள் வாழும் ஊர்களில், நன்கொடைப் பணத்தில் நாய்களுக்கு அறுவை நடக்கிறது. தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடி வண்டியில் அடிபட்ட நாய், முழங்கால் தசைநார் அறுந்த நாய், பல் சொத்தையான மால்டீஸ் நாய், கருத்தடைக்கு வரிசையில் நிற்கும் தெரு நாய்கள். இவற்றில் பலவற்றுக்கு மயக்கத்தோடு, நரம்பை மரக்கச் செய்யும் மரப்பூசியும் போடப்படுகிறது. மருத்துவமனைப் பேச்சில் இதுவே "ப்ளாக்". அந்த ஊசியைப் பற்றித்தான் இந்த மடல். போட்ட மருந்து நரம்பைச் சென்றடைந்ததா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. "ப்ளாக் போட்டாச்சு" என்று எழுதுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ப்ளாக் வேலை செய்ததா என்பதையும் எழுதுங்கள், அதற்கு வேண்டிய பயிற்சிக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

மருத்துவர் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். நாய் மயங்கிக் கிடந்தாலும் அதன் நரம்புகள் தூங்குவதில்லை. எலும்பை அறுக்கும்போது வலிச் செய்தி தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேலும் கீழும் போகும். அதை அடக்க ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்ட ரத்த அழுத்தம் விழும். நரம்பு சரியாக மரத்துவிட்டால் இந்த இழுபறி வராது. குறைந்த வாயுவே போதும், நாய் விழிக்கும்போது அலறாது. தவறிய ஊசியால் இந்தப் பலன் எதுவும் கிடைக்காது. அதைவிட மோசம், நரம்பு மரத்துவிட்டது என்ற நம்பிக்கையில் வேறு வலி மருந்தையும் குறைத்துவிடுவோம்.

இனி மருத்துவ நண்பர்களோடு பேசுகிறோம். ஊசி தவறுவதற்கு முதல் காரணம் கை அல்ல, கடிகாரம். பூப்பிவகெய்ன் என்ற மரப்பு மருந்து வேலை செய்ய 20 நிமிடம் வரை பிடிக்கும். இன்னொரு மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் சில நிமிடங்களில் பிடிக்கும், ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். பூப்பிவகெய்ன் நான்கு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். ஐந்தாம் நிமிடத்தில் கத்தி வைத்துவிட்டு "ப்ளாக் பலிக்கவில்லை" என்றால், தவறு மருந்தின் மேல் இல்லை. மயக்கம் கொடுத்ததும் ஊசி போகும் இடத்தில் மட்டும் ரோமத்தைச் சிரைத்து, சுத்தம் செய்து, ப்ளாக்கைப் போட்டுவிடுங்கள். பிறகு அறுவை இடம் முழுவதையும் சிரைத்து, கழுவி, மேசைக்கு மாற்றி, துணி போர்த்தி முடிப்பதற்குள் அந்த 20 நிமிடம் தானாக ஓடிவிடும். இதற்காக ஒரு நிமிடம்கூட கூடுதலாக ஒதுக்க வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். இரண்டு மருந்தையும் கலந்து போட்டால் வேகமும் கிடைக்கும், நீண்ட நேரமும் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். சம அளவில் கலந்தால் இரண்டின் செறிவும் பாதியாகிறது, நிற்கும் நேரம் குறைகிறது, இரண்டின் நச்சுத்தன்மையோ ஒன்றோடொன்று கூடுகிறது. கலக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் அளவு. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். 2 சதவீத லிக்னோகெய்னில் மில்லிக்கு 20 மி.கி., 0.5 சதவீத பூப்பிவகெய்னில் 5 மி.கி. நாய்க்கு லிக்னோகெய்ன் கிலோவுக்கு 6 மி.கி.க்கும், பூப்பிவகெய்ன் கிலோவுக்கு 2 மி.கி.க்கும் மேல் போகக் கூடாது. கொழுத்த நாய்க்கு அது இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்கிடுங்கள். 20 கிலோ நாய்க்குப் பூப்பிவகெய்ன் உச்சவரம்பு 40 மி.கி., அதாவது 8 மில்லி. பின்காலுக்கு இரண்டு நரம்பிலும் கிலோவுக்கு 0.1 மில்லி வீதம் போட்டால் மொத்தம் 4 மில்லிதான் ஆகும். இடம் நிறைய இருக்கிறது. 5 கிலோ மால்டீஸுக்கோ உச்சவரம்பு வெறும் 2 மில்லி. வாயின் நான்கு மூலைக்கும் அரை மில்லி வீதம் போட்டால் அதோடு கணக்கு முடிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்று ஐந்தாவது ஊசி போட இடமே இல்லை. சிறிய நாயில்தான் ஆபத்து இப்படிச் சத்தமில்லாமல் வரும். ஆகவே மொத்த அளவை முதலிலேயே ஒரே சிரிஞ்சில் எடுத்து, அதிலிருந்து பகிர்ந்து போடும் பழக்கம் வேண்டும். எடுத்தது தீர்ந்தால் நிறுத்திவிட வேண்டும்.

மிகக் குறைத்துப் போட்டாலும் பலிக்காது. நரம்பின் நீளத்தில் ஏறத்தாழ 2 செ.மீ. தூரமாவது மருந்து சூழ்ந்தால்தான் செய்தி நிற்கும். ஒரு புள்ளியில் மட்டும் நனைந்தால், மின்துடிப்பு அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடும்.

மூன்றாவதுதான் இடம். முழங்கால் அறுவைக்கு சயாட்டிக், ஃபெமோரல் என்ற இரண்டு நரம்பையும் மரக்கச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் பாதி வலி அப்படியே இருக்கும். சயாட்டிக்குக்கு அடையாளம் இது: தொடை எலும்பின் மேல்முனையில் வெளியே புடைத்திருக்கும் பெரிய முண்டையும், வால் அருகே உட்காரும் எலும்பின் முனையையும் விரலால் தொட்டு ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். முண்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நரம்பு ஓடுகிறது. ஃபெமோரலுக்குத் தொடையின் உட்பக்கம், இடுப்பு மடிப்புக்கு அருகே, துடிக்கும் தமனிக்கு முன்னால். அடையாளத்தை மட்டும் நம்பி ஊசி போட்டால் என்ன ஆகும்? பேருருவ போயர்போல் நாய்க்கும் குட்டைக்கால் டாக்ஸ்ஹண்டுக்கும் ஒரே "மூன்றில் ஒரு பங்கு" எத்தனை மில்லிமீட்டர் வேறுபடும் என்று யோசியுங்கள். ஆழத்தை எந்த அடையாளமும் சொல்லாது. நரம்புக்கு மேலே தசையுறைக்கு வெளிப்பக்கம் மருந்து தேங்கினால், ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அந்த உறை மருந்தை உள்ளே விடாது. கண்மூடிப் போடும் ஊசிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது நரம்புத் தூண்டுகருவி. ஊசிமுனை வழியாகச் சிறு மின்துடிப்பு கொடுத்து, நரம்பு அருகில் இருக்கிறதா என்று தசை அசைவால் காட்டும் கருவி இது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியைவிடப் பன்மடங்கு மலிவு, கையளவே இருக்கும், பெரும்பாலானவை 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது. அதனுடன் மின்காப்பு உறையிட்ட 22 கேஜ், 50 மி.மீ. ஊசிகள் வேண்டும். பெரிய நாய்க்கு 100 மி.மீ. சிலவும் இருக்கட்டும். சாதாரண சிரிஞ்சு ஊசி கூர்மையாக, நீண்ட சாய்வோடு இருக்கும். அது தசையுறையைத் தாண்டுவது கையில் உணராது, நரம்பிழையை வெட்டவும் செய்யும்.

தூண்டுகருவியின் எதிர்மின் முனையை (−) ஊசியிலும், நேர்மின் முனையை (+) தோலிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் பல மடங்கு மின்னோட்டம் கொடுத்தால்தான் நரம்பு பதில் சொல்லும், "நரம்பு கிடைக்கவில்லை" என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். 1 மில்லி ஆம்பியர், 0.1 மில்லி விநாடி, விநாடிக்கு இரண்டு துடிப்பு என்று தொடங்கி ஊசியை மெல்ல முன்னேற்றுங்கள். பார்க்க வேண்டியது பாதத்தை. சயாட்டிக் நரம்பு தூண்டப்பட்டால் பாதம் மேலே மடங்கும் அல்லது கீழே நீளும். தொடைத் தசை மட்டும் துடித்தால், ஊசிமுனை தசையைத்தான் தட்டுகிறது, நரம்பை அல்ல. ஃபெமோரலுக்கு முழங்கால் நீள வேண்டும். ஊசி போகும் வழியிலிருக்கும் சார்ட்டோரியஸ் தசை துடிப்பதைப் பார்த்து "கிடைத்துவிட்டது" என்று மருந்தைத் தள்ளிவிடுவது மிகப் பொதுவான பிழை. சரியான அசைவு வந்ததும் மின்னோட்டத்தை மெல்லக் குறையுங்கள். 0.4 முதல் 0.5 மில்லி ஆம்பியரில் அசைவு தெரிந்தால் நல்ல இடம். 0.2-க்குக் கீழேயும் துடித்தால் ஊசி நரம்பின் உள்ளேயே இருக்கலாம். கொஞ்சம் பின்வாங்குங்கள்.

பிறகு உறிஞ்சிப் பார்த்து, ரத்தம் வராவிட்டால், அரை மில்லி தள்ளுங்கள். அசைவு உடனே நிற்க வேண்டும். நின்றுவிட்டால் நரம்பு மரத்துவிட்டது என்று பொருளல்ல. மருந்துநீர் மின்னைச் சிதறடிப்பதால் துடிப்பு நிற்கிறது. உப்புநீர் தள்ளினாலும் இப்படித்தான் நிற்கும். நிற்காமல் தொடர்ந்து துடித்தால் மருந்து ரத்தக் குழாய்க்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். தள்ளும்போது கையில் இறுக்கம் தெரிந்தால் அழுத்தி முடிக்கப் பார்க்காதீர்கள். நிறுத்தி, ஊசியை நகர்த்தி, மறுபடி தொடங்குங்கள். நரம்புக்குள் அழுத்திச் செலுத்திய மருந்து நிரந்தரச் சேதம் செய்யலாம். அதைத் திருத்த வழியில்லை.

அல்ட்ராசவுண்ட் இதைவிடச் சிறந்ததா? தெரிந்த கையில், ஆம். ஆழம், ரத்தக் குழாய், மருந்து பரவுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குறைந்த மருந்திலேயே வேலை முடியும். ஆனால் வயிறு பார்க்க வாங்கிய வளைந்த ஸ்கேன் தலையை (தோலில் வைக்கும் பகுதி) வைத்துக்கொண்டு நரம்பைத் தேடுவது வீண். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும் நேர்கோட்டுத் தலை வேண்டும். பெரும்பாலான நாய்களுக்கு 2 முதல் 3 செ.மீ. ஆழம் வைத்தால் போதும். சயாட்டிக் நரம்பு வெள்ளை விளிம்போடு இரண்டு கருமுட்டைகள் ஒட்டியிருப்பதுபோல, பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசைக்கு அடியில் தெரியும். தலையைச் சற்றே சாய்த்தாலும் நரம்பு மங்கி மறைந்துவிடும். ஆகவே தேடும்போது நகர்த்துவதைவிடச் சாய்த்துப் பாருங்கள். தலையை அழுத்திப் பிடித்தால் சிரை தட்டையாகிக் கண்ணில் படாது, அந்தச் சிரைக்குள்ளேயே மருந்து போய்விடும். சிரிஞ்சில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. காற்று உள்ளே போனால் படம் முழுக்க வெள்ளைப் புகை, அன்றைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. ஊசியின் முனை தெரியாதபோது தள்ளாதீர்கள். ஊசியின் தண்டைப் பார்த்துவிட்டு முனை என்று நினைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. 0.2 மில்லி தள்ளியும் திரையில் பரவல் தெரியவில்லை என்றால் ஊசி ரத்தக் குழாய்க்குள் இருக்கலாம். உடனே நிறுத்துங்கள்.

கைப்பழக்கம் நாயின் மேல் வரக் கூடாது. நம் சமையலறையில் இருக்கும் கடற்பாசியை (அகர் அகர்) 2 முதல் 3 சதவீதம் கரைத்து, ஒரு கரண்டி இசப்கோல் கலந்து, நடுவில் ஒரு ரப்பர் குழாயை வைத்து உறையவிட்டால், திரையில் தசைபோல மணல்மணலாகத் தெரியும். பத்து நாள் மாலை அதில் குத்திப் பழகினால் முனையைக் கண்ணை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்ள வரும். கடற்பாசி ஊசித் தடத்தில் கீறிக்கொள்ளும். கெட்டியாக வேண்டுமென்றால் ஜெலட்டின், 250 மில்லி வெந்நீருக்கு 20 கிராம்.

அடுத்த படி சாயப் பயிற்சி. இதற்குத்தான் உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். இறந்த, அல்லது நோய் முற்றிக் கருணைக்கொலை செய்யப்பட்ட நாய்களின் உடலை, வளர்த்தவர் எழுத்தில் சம்மதித்தால், பயிற்சிக்குத் தாருங்கள். நீர்த்த மெத்திலீன் நீலத்தை, உயிருள்ள நாய்க்குப் போடும் அதே அளவில், அதே முறையில் செலுத்தி, கால் மணி நேரம் விட்டு, தோலை விலக்கி, நரம்பில் எத்தனை செ.மீ. நீலம் ஏறியிருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2 செ.மீ. இல்லையென்றால் அது தோல்வி. இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது. எங்கள் கணிப்பில் ஒவ்வொரு ப்ளாக்குக்கும் ஒருவர் பத்து முறையாவது இதைச் செய்த பிறகே உயிருள்ள நாயிடம் போக வேண்டும். ஃபார்மலினில் ஊறிய உடல் பயன்படாது, தசை விறைத்து மருந்து பரவாது. புதிதாக, அல்லது உறைய வைத்து இளக்கியதாக இருக்க வேண்டும். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இருப்பதால் ஒரு கண்டிப்பு: நடத்தை மாறிய, நரம்புக் கோளாறு காட்டிய, கடித்த வரலாறு உள்ள, அல்லது வரலாறே தெரியாத நாயின் உடலை இதற்குத் தொடவே கூடாது. உறைய வைத்தால் வைரஸ் சாகாது. பயிற்சியில் கலந்துகொள்பவர் எல்லாரும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

எந்தக் கருவியும் இல்லாத இடங்களிலும் இன்றே செய்யக்கூடியவை உண்டு. ஆண் நாய்க் கருத்தடைக்கு விதைக்குள் போடும் லிக்னோகெய்ன் அதில் முதலாவது. ஒரு பக்கத்துக்குக் கிலோவுக்கு 1 மி.கி., அதாவது 20 கிலோ நாய்க்கு 2 சதவீத மருந்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லி. ஊசியை விதையின் பின்முனையில் நுழைத்து முன்னோக்கிச் செலுத்தி, உறிஞ்சிப் பார்த்து, விதை கெட்டியாகும் வரை தள்ளி, 5 நிமிடம் விடுங்கள். மருந்து அங்கிருந்து விதைக்கயிற்றுக்கு ஏறும். தோலுக்கு இது எட்டாது. கீறும் கோட்டில் தனியாகக் கொஞ்சம் போட வேண்டும். இதை மறப்பதால்தான் முதல் கீறலில் நாய் துள்ளுகிறது, பழி விதை ஊசியின் மேல் விழுகிறது.

பல் வேலைக்கும் விரலே கருவி. மேல் உதட்டைத் தூக்கி, மூன்றாம் முன்கடைவாய்ப்பல்லின் பின்வேருக்கு மேலே தடவினால் எலும்பில் துளை தட்டுப்படும். மெல்லிய ஊசியால் அந்தத் துளையின் வாசலில் போட்டு, ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து பின்னோக்கிப் போகும். பக், பெக்கினீஸ் போன்ற சப்பை மூக்கு நாய்களில் அந்தக் கால்வாய் மிகக் குட்டை. ஊசியை ஆழமாக விட்டால் கண்குழிக்குள் போய்விடும். இவற்றுக்குத் துளையின் வாசலிலேயே நில்லுங்கள். கீழ்த்தாடையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் எலும்பின் உட்பக்கம் ஒட்டியே போட வேண்டும். நாக்குப் பக்கம் மருந்து வழிந்தால் நாக்கு மரத்து, விழிக்கும் நாய் அதைக் கடித்துக் குதறிக்கொள்ளும்.

முன்காலுக்கு அக்குள் வழியாகக் கண்மூடிப் போடும் பழைய ப்ளாக்கை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் விலா எலும்பை ஒட்டி ஊசி போகிறது. நுரையீரலும் பெரிய தமனியும் பக்கத்திலேயே இருக்கின்றன. முழங்கைக்குக் கீழே அறுவை என்றால், மேற்கை எலும்பின் கீழ்ப்பகுதியில் வெளியே ரேடியலையும், உள்ளே தமனியை ஒட்டிய மற்ற மூன்று நரம்புகளையும் மரக்கச் செய்வது போதும், ஆபத்தும் குறைவு.

மருந்து ரத்தத்தில் கலந்து ஆபத்து நேர்ந்தால்? ப்ளாக் போடும் அறையில் அதற்கு முறிவு மருந்தான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் இல்லாமல் பூப்பிவகெய்னைத் திறக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மயக்கத்தில் வலிப்பு தெரியாது. இதயத் துடிப்பு தாறுமாறாவதும் ரத்த அழுத்தம் சரிவதும்தான் முதல் அறிகுறி. கிலோவுக்கு 1.5 மில்லி ஒரே தடவையாக மெதுவாகச் செலுத்தி, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லி வீதம் அரை மணி நேரம். 20 கிலோ நாய்க்கு முதலில் 30 மில்லி, பிறகு 150 மில்லி. ஆகவே 100 மில்லிப் புட்டி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். காலாவதித் தேதியை மாதாமாதம் பாருங்கள். பூப்பிவகெய்னால் கெட்ட துடிப்பைச் சரிசெய்ய லிக்னோகெய்ன் கொடுப்பது எரியும் தீயில் எண்ணெய் ஊற்றுவது.

பதிவேட்டுக்கு வருகிறோம். ஒரு நாய்க்கு ஒரே ஒரு வரி: எந்த நரம்பு, எந்தப் பக்கம், என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மில்லி, எத்தனை மில்லி ஆம்பியரில் அசைவு, ஊசி போட்ட நேரம், கத்தி வைத்த நேரம், கத்திக்கு முன்னும் பின்னும் இதயத் துடிப்பு. துடிப்போ ரத்த அழுத்தமோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் "தோல்வி" என்று எழுதி, வலி மருந்தான ஃபென்டனில் கிலோவுக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் கொடுங்கள். விழித்த பிறகு, நாயின் நடத்தையைப் பார்த்துப் போடும் கிளாஸ்கோ வலி மதிப்பெண் 24-க்கு 6, அல்லது நடக்க முடியாத நாய்க்கு 20-க்கு 5 தொட்டால் அதையும் எழுதி, வலி மருந்து கொடுங்கள். தோல்வி என்று எழுதியவரை யாரும் குறை சொல்லக் கூடாது. அறக்குழு இந்த ஒரு வாக்குறுதியைக் கொடுக்காவிட்டால் பதிவேட்டில் எல்லாம் வெற்றி என்றே இருக்கும்.

நாயை அழைத்துப்போக வருபவரிடம் மரத்த கால் பற்றிச் சொல்லுங்கள். கால் மடங்கி விழும், துண்டைத் தொட்டில்போலக் கட்டித் தாங்க வேண்டும், வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைக்கக் கூடாது, காலைக் கடிக்க விடக் கூடாது. அடுத்த நாளும் கால் திரும்பவில்லை என்றால் உடனே கொண்டுவர வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவப் பீடம் ஒன்றே ஒன்று, 1920-இல் தொடங்கிய ஒண்டர்ஸ்டபூர்ட் பீடம். 2016 முதல் படிப்பு முடித்தவர்கள் ஓராண்டு கட்டாயச் சமூகப் பணிக்கு வருகிறார்கள். அந்த இளைஞர்களுக்குப் பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்ட ஆள் வேண்டும். வருடத்துக்கு நான்கு சனிக்கிழமை உங்கள் அறுவைக் கூடத்தைப் பயிற்சிக்குத் திறந்துவிட்டால் அது நடக்கும்.

எனவே கேட்பது இவை. இந்த மாதமே பதிவேடு, ஒரு நோட்டும் பேனாவும் போதும். அடுத்த கூட்டத்தில் ஒரு தூண்டுகருவிக்கும் ஒரு பெட்டி உறையிட்ட ஊசிக்கும் இரண்டு புட்டிக் கொழுப்புக் கரைசலுக்கும் ஒப்புதல். மூன்று மாதப் பதிவைப் பார்த்த பிறகு ஸ்கேன் தலை பற்றிப் பேசலாம். முதல் சாயப் பயிற்சிக்கு நாளைச் சொல்லுங்கள். சாயமும் அளவுகோலும் கையுறையும் நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
டர்பன் வட்டாரத்தில் பணிபுரியும் தமிழ்க் கால்நடை மருத்துவர்களும் செவிலியரும்